எஃப்.சி. காட்டுவது எப்படி: முதல் வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஆட்டோவையோ, குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியையோ வாங்கி முதன்முறையாகத் தொழிலில் இறங்குகிறவர்கள் மாதத் தவணை, டீசல், டிரைவர் சம்பளம் எல்லாவற்றையும் துல்லியமாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தேதி முடிவதற்கு நான்கு நாள் இருக்கும்போது யாராவது நினைவுபடுத்த, அதற்குப் பிறகு கடன் வாங்கி, பட்டறையில் காத்துக் கிடந்து, அரைகுறையாக வேலை முடித்து, வண்டிகளைச் சோதிக்கும் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் ஓடினேன். அந்த அவசரம் எவருக்கும் தேவையில்லை. ஒரு மாதம் முன்பாகவே தொடங்கினால் செலவும் குறையும், வண்டியும் உண்மையிலேயே சாலைக்குத் தகுதியாகும். தமிழ்நாட்டில் வண்டியை எஃப்.சி. காட்டும் வழிமுறையைத் தொடக்கத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

எந்த வண்டிக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுதான் இதற்கெல்லாம் அடிப்படை. போக்குவரத்து வாகனம் என்று பதிவான எந்த வண்டியும், செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாவிட்டால், முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது என்கிறது அந்தப் பிரிவு. இந்த வாக்கியத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தாலும், எஃப்.சி. முடிந்த நாளுக்கு மறுநாள் உங்கள் வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவில்லாத வண்டி. அதனால்தான் அபராதமும் பதிவில்லாத வண்டியை ஓட்டியதற்கான 192-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. முதல்முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தப் பிரிவு இடமளிக்கிறது; மீண்டும் சிக்கினால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மஞ்சள் போர்டு வண்டிகள், அதாவது வாடகைக்கோ கூலிக்கோ ஆளையும் சரக்கையும் ஏற்றும் எல்லா வண்டிகளும் இதில் அடங்கும். பள்ளி, கல்லூரிப் பேருந்துகளும் அடங்கும். இங்கே புதியவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்களை அடிக்கடி பார்க்கிறேன். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது உண்மை. ஆகவே குட்டி யானைக்கு எஃப்.சி.யும் தேவையில்லை என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். அதேபோல 2018-இல் மின்சாரப் போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட்டிலிருந்து விலக்கு கொடுக்கப்பட்டதும், மின்சார ஆட்டோவுக்கு எஃப்.சி. இல்லை என்று பேச்சுக் கிளம்பியது. பெர்மிட் வேறு, தகுதிச் சான்று வேறு. பெர்மிட் என்பது தொழில் செய்வதற்கான அனுமதி, எஃப்.சி. என்பது வண்டியின் உடல்நிலைக்கான சான்று. முன்னதில் கிடைத்த விலக்கு பின்னதற்குப் பொருந்தாது.

கால அளவு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 62-ஆம் விதியில் இருக்கிறது. முழுமையாகக் கட்டப்பட்டு விற்கப்படும் புது வண்டிக்குப் பதிவு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குத் தகுதிச் சான்று இருப்பதாகவே கொள்ளப்படும். அதன் பிறகு, 2018 நவம்பரில் வந்த திருத்தத்தின்படி, வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், எட்டு வயதைக் கடந்த பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 2020 ஜூனில் பதிவான வண்டி என்றால் 2022, 2024, 2026, 2028 என்று வரும். 2028-க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் வரும். பழைய வண்டியை வாங்கியவர்கள் இந்த மாற்றத்தை உணராமல் ‘ரெண்டு வருஷம்’ என்றே நினைத்துக்கொண்டிருந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் சான்றில் அச்சாகியிருக்கும் முடிவுத் தேதியை மட்டும் நம்புங்கள். வாய்க்கணக்கை நம்ப வேண்டாம்.

முதலில் காகிதங்களைச் சரி செய்யுங்கள்

வண்டியில் ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்னால் காகிதங்களை எடுத்து மேசை மீது பரப்புங்கள். ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி கட்டிய ரசீது, பெர்மிட் தேவைப்படும் வண்டி என்றால் பெர்மிட், பழைய எஃப்.சி. ஆகியவை வேண்டும். இவற்றில் எதன் தேதி முதலில் முடிகிறது என்று பாருங்கள். சோதனைக்கு நாள் வாங்கிவிட்டு, அந்த நாளுக்கு முந்தைய இரவு இன்ஷூரன்ஸ் முடிவதைக் கவனிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

புகைச் சான்றைப் பொறுத்தவரை, புது வண்டிக்கு முதல் ஓராண்டு தேவையில்லை. அதன் பிறகு, பி.எஸ். என்கிற புகை அளவுத் தரத்தில் 4-க்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம், பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்குப் பன்னிரண்டு மாதம் என்று செல்லுபடியாகும். டீசல் வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோகும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு பக்கத்துத் தெருவில் உள்ள சோதனை மையத்துக்குப் போனால் இருக்கிற புகையைவிட அதிகமாகக் காட்டும். ஏர் ஃபில்டரை முந்தைய நாளே சுத்தம் செய்து, ஒரு பத்துக் கிலோமீட்டராவது ஓட்டிவிட்டுப் போவது நல்லது.

நிலுவையில் உள்ள அபராதங்களை இணையத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். வண்டியை டிரைவர் ஓட்டுகிறார் என்றால், உங்களுக்குத் தெரியாமலேயே மூன்று நான்கு இ-சலான்கள் சேர்ந்திருக்கலாம். வயதான வண்டியாக இருந்தால் பசுமை வரி பாக்கியையும் பாருங்கள். நான்கு சக்கரமும் அதற்கு மேலும் உள்ள போக்குவரத்து வண்டிகளில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால்தான் எஃப்.சி. புதுப்பிக்கப்படும் என்ற விதியும் உண்டு. சுங்கச் சாவடிப் பக்கமே போகாத உள்ளூர் லோடு வண்டிக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பமும் கட்டணமும்

விண்ணப்பம் இப்போது மத்திய அரசின் வாகனச் சேவைகளுக்கான பரிவாகன் இணையதளத்தில்தான். வண்டி எண்ணையும், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால், ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. முந்தைய உரிமையாளரின் எண் மாற்றப்படாமல் இருந்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் வெளியூரில் இருப்பார், அல்லது அந்த எண்ணே வழக்கத்தில் இருக்காது. ஆகவே பெயர் மாற்றத்தோடு சேர்த்துக் கைபேசி எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டணம் வண்டியின் வகை, வயது, சோதனை ஆளால் நடக்கிறதா இயந்திரத்தால் நடக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கான கட்டணம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. அதற்குப் பிறகும் கட்டண விதிகள் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே பக்கத்து வண்டிக்காரர் போன ஆண்டு கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், இணையதளம் உங்கள் வண்டி எண்ணுக்குக் காட்டும் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடைத்தரகர் வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணினி பழக்கமில்லாதவர் ஒரு சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் ‘வண்டியைக் காட்டவே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காட்டாமல் வாங்கிய சான்று உங்கள் பிரேக்கைச் சரி செய்யாது. விபத்து நடந்தபின் எழும் கேள்விகளுக்கு அந்தத் தரகர் வந்து பதில் சொல்லவும் மாட்டார்.

வண்டியைத் தயார் செய்தல்

மற்ற எதையும்விட இங்கேதான் உங்கள் கவனம் அதிகம் தேவை. எஃப்.சி. வேலை என்றால் பெயிண்ட் அடிப்பது என்று நம் ஊரில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. டிங்கரிங் செய்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, பின்னால் புதுப் படம் வரைந்து, பூமாலை போட்டுக் கொண்டுபோகிறார்கள். உடைந்த தகடும் துருவும் சரி செய்யப்பட வேண்டியவைதான். ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு வரிசை வைத்தால் பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு என்பதே முறை. பெயிண்ட் அதற்குப் பிறகுதான்.

பிரேக் வேலையைச் சோதனை நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் எஃப்.சி.க்கு முந்தைய மாலைதான் பட்டறையில் முன்பக்க பிரேக் ஷூவை மாற்றினார்கள். அந்த மெக்கானிக் வேலையை முடித்து ஓட்டிப் பார்க்காமலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்; நானும் நேரமில்லை என்று வாங்கி வந்துவிட்டேன். மறுநாள் மைதானத்தில் ஆய்வாளர் ஏறி உட்கார்ந்து, முப்பது அடி தூரம் போனதும் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது, ஆனால் மூக்கு இடப்பக்கம் திரும்பி நின்றது. அவர் இறங்கி, சக்கரம் மண்ணில் இழுத்த தடத்தைக் காட்டினார். இடச் சக்கரத்தின் தடம் ஆழமாக இருந்தது, வலச் சக்கரத்தின் தடமே இல்லை. “மழையில இதே மாதிரி பிரேக் போட்டீங்கன்னா வண்டி எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க” என்றார். சான்று கொடுக்கவில்லை. கொடுக்காதது சரிதான்.

புது ஷூ டிரம்மோடு பொருந்தி உட்கார ஓட்டம் வேண்டும். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் டிரம்மைக் கழற்றிப் பார்த்து இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கும்படி அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு ஆளில்லாத, சமமான மண் தரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்தி, தடங்களை இறங்கிப் பாருங்கள். மிதியை அழுத்திக்கொண்டே ஒரு நிமிடம் வைத்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று பொருள். ஏர் பிரேக் உள்ள லாரி என்றால், காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காற்று மீட்டரின் முள்ளைக் கவனியுங்கள்; முள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். கைப் பிரேக்கையும் ஒரு சரிவில் நிறுத்திச் சோதியுங்கள். கைப் பிரேக்கே பிடிக்காத வண்டிகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர்கள் கல்லை வைத்துப் பழகிவிட்டார்கள்.

அடுத்தது ஸ்டீயரிங். சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் சும்மா ஆடும் அளவு 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 30 பாகை என்பது எவ்வளவு என்று புரிய, கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் அது. வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒருவர் கீழே குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். சக்கரம் அசையத் தொடங்குகிறது என்று அவர் சொல்லும்போது கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த அளவு கடிகாரத்தின் ஐந்து நிமிடத்தைத் தொடும் முன்பே ஸ்டீயரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் பகுதிகளான டை ராட் எண்டு, பால் ஜாயிண்ட், கிங்பின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயிண்டின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் அதை மட்டுமாவது உடனே மாற்றிவிடுங்கள், சின்னச் செலவுதான். மூடி இல்லாவிட்டால் மணல் புகுந்து சில மாதத்தில் மொத்த ஜாயிண்டையும் தின்றுவிடும்.

டயர் குறித்து நான் கொஞ்சம் அழுத்தமாகவே எழுத வேண்டியிருக்கிறது. டயரின் மேல்பரப்பில் உள்ள பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும்; டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ ஒரு சிறு முக்கோணமோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. குறைந்தபட்ச ஆழம் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 1.6 மில்லிமீட்டர். இப்படித் தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு, எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, சான்று வாங்கியதும் மறுபடியும் பழையதை மாட்டிக்கொண்டு போகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. டயர் விலை ஒரு சின்ன வண்டிக்காரருக்கு எவ்வளவு பெரிய சுமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வண்டி மறுநாள் காலை காய்கறி மூட்டையோடு மழைச் சாலையில் இறங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால், எஃப்.சி. தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மாதம் கொஞ்சம் ஒதுக்கி, இரண்டு இரண்டாக வாங்குங்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை டயர் இருக்கட்டும்.

விளக்குகளைச் சோதிக்க ஆள் தேவையில்லை, ஒரு சுவர் போதும். இருட்டியபின் வண்டியின் முன்பக்கத்தைச் சுவரை நோக்கி நிறுத்தி, டிம் போட்டால் ஒளி கீழே இறங்குகிறதா, இரண்டு வட்டமும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். பிறகு வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி பிரேக்கை அழுத்துங்கள். கண்ணாடியில் பார்த்தால் சுவரில் விழும் சிவப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இண்டிகேட்டர், பார்க்கிங் விளக்கு, நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் சின்ன பல்பு வரை எல்லாம் எரிய வேண்டும். அந்தச் சின்ன பல்பு ஒன்றுக்காகத் திரும்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்ற முறையில் இருக்க வேண்டும். இருட்டில் சாலையோரம் பழுதாகி நிற்கும் லாரியின் பின்னால் பைக் மோதி உயிர் போவதைச் செய்திகளில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்; அந்தச் சிவப்புப் பட்டை அதற்காகத்தான். சேறு படிந்து மங்கியிருந்தால் துடைத்துப் பாருங்கள், ஒளிராவிட்டால் அங்கீகார முத்திரை உள்ள புது ஸ்டிக்கரை ஒட்டுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆட்டோவுக்குத் தேவையில்லை. மற்றப் போக்குவரத்து வண்டிகளுக்குப் பொதுவாக 80 கிலோமீட்டரும், டிப்பர், டேங்கர், பள்ளிப் பேருந்து, அபாயப் பொருள் ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு 60 கிலோமீட்டரும் வரம்பு. கருவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால், அதைச் சரிசெய்து சான்றையும் எடுத்து வையுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வைப்பர், ஹார்ன், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிகள், ஸ்பீடோமீட்டர், சைலன்சர் ஆகியவை வேலை செய்ய வேண்டும். பல குரலில் ஊதும் ஏர் ஹார்னைக் கழற்றிவிடுங்கள். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்து இருக்கக் கூடாது. தீயணைப்பான் கருவியின் தேதியைப் பாருங்கள். லாரிக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் கீழே பொருத்தும் பாதுகாப்புக் கம்பிகள் வளையாமல் இருக்க வேண்டும். சின்ன வண்டி உள்ளே புகுந்துவிடாமல் காப்பது அதுதான். பாடியை நீளமாக்கி வெளியே இழுத்துக் கட்டியிருந்தால், அது ஆர்.சி.யில் உள்ள அளவோடு ஒத்துப்போகாது. அப்படி இருந்தால் அதைச் சரி செய்யாமல் மைதானத்துக்குப் போவது வீண். இடப்பக்கம் எழுதியிருக்கும் எடை விவரங்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்கட்டும்.

சோதனை நாளில்

வண்டியை முந்தைய நாளே அடியிலும் சேர்த்துக் கழுவுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை, சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சேறில்லாமல் படிக்கும்படி இருக்க வேண்டும், ஆயில் கசிவு இருந்தால் உங்களுக்கே முன்கூட்டித் தெரிய வேண்டும். சேஸ் எண் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஓட்டுநருக்குக் காட்டி வையுங்கள். மைதானத்தில் தரையில் படுத்துக்கொண்டு தேடுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். காகிதங்களைச் சரிபார்த்து, வண்டியின் எண்களை ஒப்பிட்டு, படம் எடுத்து, விளக்குகளைப் போடச் சொல்லி, ஓட்டிப் பார்த்து முடிவு செய்வார். அவர் கேட்பதற்கு முன்பே நீங்களாக எதையும் மறைக்க முயல வேண்டாம். ஏதாவது ஒன்றை இன்னும் சரி செய்யவில்லை என்றால் அதைச் சொல்லிவிடுவதே மரியாதை.

தானியங்கிச் சோதனை நிலையம் இயங்கும் இடங்களில் நடைமுறை வேறு. 2021 செப்டம்பரில் இதற்கான விதிகள் வந்தன. அங்கே வண்டியின் சக்கரங்களை உருளைகள் மீது நிறுத்திப் பிரேக் விசையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக இயந்திரம் அளக்கும். ஹெட்லைட்டின் ஒளி விழும் கோணம், சக்கரம் பக்கவாட்டில் இழுக்கும் அளவு, ஸ்டீயரிங் ஆட்டம், புகை, ஹார்ன் சத்தம், ஸ்பீடோமீட்டரின் துல்லியம் எல்லாம் எண்களாகப் பதிவாகும். கண்ணால் பார்க்கும்போது தப்பிவிடக்கூடிய இடது வலது பிரேக் வித்தியாசம் அங்கே உடனே தெரிந்துவிடும். அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை எந்தச் சக்கரம் பலவீனமானது என்று உங்கள் மெக்கானிக்குக் காட்ட அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

குறை சொல்லித் திருப்பி அனுப்பினால்

பதற்றப்பட வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். என்னென்ன குறை என்று எழுத்தில் வாங்குங்கள். தகுதிச் சான்றை மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தத் தாளை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய், குறிப்பிட்ட வேலையை மட்டும் முடித்து, மறுபடியும் காட்டுங்கள். என் குட்டி யானை ஐந்தாம் நாள் மறுபடியும் போனது. அந்த ஐந்து நாள் வாடகை போனது வலித்தாலும், மண்ணில் இரண்டு தடமும் சமமாக விழுந்ததைப் பார்த்தபோது மனது நிம்மதியாக இருந்தது.

பழைய சான்று முடிந்து, புதியது கிடைக்காத இடைவெளியில் வண்டியில் சரக்கோ ஆளோ ஏற்றாதீர்கள். இந்த நாட்களில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி சான்று இல்லை என்பதை எடுத்து வைக்கும். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வகையில் நீதிமன்ற உத்தரவுகள் வந்திருக்கின்றன. ஒரு வண்டி வைத்துப் பிழைப்பவரால் அப்படி ஒரு தொகையை வாழ்நாளில் கட்டி முடிக்க முடியாது.

பள்ளி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அதன் பிறகுதான் அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறப்பதற்கு முன் போக்குவரத்து, காவல், கல்வித் துறை அதிகாரிகள் சேர்ந்து மைதானங்களில் பள்ளி வண்டிகளைச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃப்.சி. கையில் இருந்தாலும் இந்தக் கூட்டாய்வுக்கு வண்டி வர வேண்டும்.

பள்ளி வண்டியை வைத்திருப்பவரோ ஓட்டுபவரோ இதைப் படித்தால், ஒரு வேண்டுகோள். சோதனைக்கு முன் தரை விரிப்பை முழுவதும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் தரைப் பலகையைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அதன் மேல் தகரத்தை வைத்து மூடாமல், பலகையையே மாற்றுங்கள். அவசரக் கதவை உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் கை பலத்தில் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

சொந்தக் கார், பைக் வைத்திருப்பவர்களுக்கு

வெள்ளை போர்டு வண்டிக்குப் பதிவு நாளிலிருந்து பதினைந்து ஆண்டு வரை இந்தச் சோதனை இல்லை. பதினைந்து முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும்; அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. விண்ணப்பம் படிவம் 25-இல், முடிவுத் தேதிக்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் கொடுக்கலாம். அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் புதுப்பித்தலே கிடையாது; தனியாருக்கு அந்தத் தடை தமிழ்நாட்டில் இல்லை, சோதனையில் தேறினால் போதும். மேலே பிரேக்குக்கும் டயருக்கும் எழுதிய அதே முறைகளைக் காருக்கும் பின்பற்றுங்கள்.

பழைய மஞ்சள் போர்டு வண்டி வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி. முடிவுத் தேதியைப் பாருங்கள். விற்பவர் ‘எஃப்.சி. ஒரு வருஷம் இருக்கு’ என்று சொன்னாலும், சாக்பீஸ் கோடும் மண் தடமும் சுவரில் விழும் வெளிச்சமும் அந்த வண்டிக்கும் பார்க்க வேண்டியவையே. தேதி ஒரு மாதத்துக்குள் முடிவதாக இருந்தால், எஃப்.சி. வேலைக்கான மதிப்பீட்டை உங்கள் மெக்கானிக்கிடம் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சான்று கைக்கு வந்ததும் டிஜிலாக்கரில் சேமித்து, ஒரு அச்சுப் படியை வண்டியில் வைத்து, முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முந்தைய நாளை உங்கள் கைபேசியிலும் ஓட்டுநரின் கைபேசியிலும் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.